இரண்டு சீட்டு வண்டியை விற்காமல் பார்த்துக்கொண்டேன்

பழைய கார் விற்கிறவன் வாழ்க்கையில் பாதி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலேயே போய்விடும். ஓட்டிப் பார்க்கிறவர் கஸ்டமர். கிளட்ச் எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வருகிறவன் நான். ஜவுளிக்கடையில் அடுத்தவர் தோளில் பட்டுப்புடவையைப் போட்டுக் காட்டுகிறவர்கள், புது அடுக்குமாடி வீட்டைத் திறந்து காட்டிவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், எல்லாரும் நம்ம ஆட்கள்தான். உங்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

எங்கள் யார்டு கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ஹைவே ஓரம் இருக்கிறது. பதினோரு வருஷமாக அங்கே சேல்ஸ் பார்க்கிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு வண்டியை மட்டும் விற்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன். அந்த ஐந்து மாதக் கதைதான் இது.

பத்து நிமிஷம்

மே மாதம் வந்தது அது. சிவப்பு நிறம், வெளிநாட்டுத் தயாரிப்பு, இரண்டே கதவு, இரண்டே சீட்டு, கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருந்தவர், சொந்த நாட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் விட்டுவிட்டுப் போனார். ஏழெட்டு மாருதிக்கு நடுவில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினோம். கல்யாண வீட்டுப் பந்தியில் சினிமாக்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நிற்கிற வண்டியில் பெட்ரோல் அதிகம் வைக்க மாட்டோம். ஓட்டிப் பார்க்க வருகிற கஸ்டமர் ஹைவேயில் போய் ஒரு யூ டர்ன் அடித்துத் திரும்பும் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் பேட்டரி இறங்காமல் இருக்க அவ்வப்போது ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட வேண்டும். விற்பனையாட்கள் யார்டு வண்டியைத் தனியாக வெளியே எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். முன்பு வேலை பார்த்த ஒருவன் கஸ்டமருக்குப் போக வேண்டிய வண்டியில் மச்சினிச்சி வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தான், அதன் விளைவு.

ஆகவே அந்த வண்டியோடு எனக்கு இருந்த உறவு நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதில்தான் போய் உட்காருவேன். ஸ்டார்ட் செய்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு உறுமல் எழுந்து மெதுவாக அடங்கும். கியரில் கை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பழவேற்காடு ரோட்டில் போவதாக நினைத்துக்கொள்வேன். எதிரே தெரிவது என்னவோ யார்டு காம்பவுண்டு சுவர்தான். ஜூன் மாதத்தில் ஒருநாள் எங்கள் மெக்கானிக் பாஷா பானட் மேல் கை ஊன்றி நின்று என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"பேட்டரிக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டி போட்டா போதும்ணா. தெனமும் வேணும்னு கேக்கறது வண்டி இல்ல."

முதலாளியின் கெடு

அவன் சொன்னதிலேயே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. முதலாளி ஆந்திர எல்லையில் இருக்கிற ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு கலந்து வரும். நாஷ்டா முடித்துவிட்டு பல் குத்திக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவரிடம் எதையும் கேட்க வேண்டும். கேட்டேன். அந்தச் சிவப்பு வண்டியை வாங்கிக்கொள்ளலாமா என்று. உனக்கா, என்றார். எனக்குத்தான், என்றேன். வார நாளெல்லாம் ஸ்கூட்டரிலேயே வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இதில் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தால் போதும் என்றேன். நாற்பத்து மூன்று வயதில் இதைச் சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஆயுத பூஜை வரைக்கும் பாப்போம் நைனா. அதுக்குள்ள எவனும் எடுக்கலேன்னா வாங்கின டப்புக்கே நீ எடுத்துக்க. ஆனா வர்ற ஆளுக்கு வண்டிய காட்டாம மறைக்கக் கூடாது, ஆமா."

ஆறு பேர், ஒரு ஞாயிறு

மறைக்கவே இல்லை. காட்டினேன். காட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வண்டியின் குறைகளை ஒன்று விடாமல் சொன்னேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான், நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டும். ஏ.சி. மதியத்தில் திணறும். கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் சொட்டும். கண்ணாடி உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும். கேட்டவர்கள் அத்தனை பேரும் பக்கத்தில் நின்ற மாருதியைப் பார்க்கப் போனார்கள். மாருதி விற்பனை எனக்கு அந்த மாதம் நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு இளைஞர்கள் வந்தார்கள். சிப்காட்டில் வெவ்வேறு கம்பெனி, ஒரே ரூம். குறை சொல்லி முடித்தும் ஆறு முகத்திலும் சிரிப்பு மாறவில்லை. ஓட்டிப் பார்க்கணும் என்றார்கள், அதுவும் ஆளுக்கு ஒரு தடவை. யூ டர்ன் வரைக்கும் ஆறு தடவை பக்கத்து சீட்டில் போய் வந்தேன். இவ்வளவு ஆசையாக ஓட்டுகிறார்களே, இன்றைக்கே முடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். இறங்கினதும், உங்களில் யார் பேரில் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக ஓட்டினவன்தான் பதில் சொன்னான்:

"வாங்கப் போறோம்னு யாருண்ணா சொன்னது? சண்டே ரூம்ல படுத்துக்கினே இருந்தா பேஜாரா இருக்குதுன்னு வந்தோம்."

எட்டு

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நெல்லு நிலம் நிறைய, வெள்ளை வேட்டி, நல்ல தாட்டியான உடம்பு. மகன் கல்யாணத்துக்கு முன்னால் தானே ஒரு ஜாலி வண்டி ஓட்டிப் பார்த்துவிடணும் என்று பிடிவாதமாக இருந்தார். உள்ளே ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. இறங்கும்போதுதான் நானும் பாஷாவும் ஆளுக்கு ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும் மனுஷர் அசரவில்லை, அட்வான்ஸ் எடுக்க பையில் கை விட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்தீர்களா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் விரல் விட்டுக் கூட்டினார். எட்டு வந்தது. கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது.

எட்டு ஆகாது என்று கஸ்டமர் சொன்னால், அதெல்லாம் ஒன்றுமில்லை சார் என்று அடித்துப் பேசுகிறவன் நான். அது முதலாளிக்கும் தெரியும். அவர் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பாஸ்கரு, நீ வண்டி வித்துக்கினு இருக்கியா, காவல் காத்துக்கினு இருக்கியா?"

வீட்டுக்காரி பார்த்த வண்டி

செப்டம்பரில் என் மனைவி கலாவை அழைத்துவந்தேன். அன்றைக்கு அவள்தான் கஸ்டமர். எனக்குத் தெரிந்த கஸ்டமர்களிலேயே கஷ்டமான கஸ்டமர். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். இரண்டு பேர் போகிற வண்டி, நமக்கு இரண்டு பிள்ளைகள், அவர்கள் பின்னாலேயே ஓடிவர வேண்டுமா என்றாள். நியாயமான கேள்வி. குறைகளையும் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம். அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். நான் ஸ்டார்ட் செய்து காட்டினேன். பத்து நிமிஷமும் அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கையில் சொன்னாள்:

"சண்டேன்னா புள்ளைங்கள பொன்னேரில எங்கம்மா ஊட்ல உட்டுடலாம். அந்த மேல் மூடிய மட்டும் தொறக்காதீங்க, தல கலைஞ்சிடும்."

குறை சொன்னதால் வந்த வினை

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. நான் மனசுக்குள் வண்டியை வாங்கியே விட்டேன். கடனுக்கும் சொல்லி வைத்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் ஒரு கணவனும் மனைவியும் பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். எத்திராஜ், கஸ்தூரி. அறுபது வயசுக்காரர்கள். அவர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், இவ்வளவு காலம் வள்ளூர் பக்கம் குடியிருந்துவிட்டு இப்போது கடம்பத்தூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், அவரும் போன மாதம்தான் ரிட்டையர்.

நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். தரை தட்டும் என்றேன். மெதுவாத்தான் போவோம் என்றார் அவர். மழை சொட்டும் என்றேன். மழையில் ஏன் வெளியே போகிறோம் என்றார். பின் சீட்டே இல்லை சார், வேறு யாரையும் ஏற்ற முடியாது என்றேன். அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த அம்மாதான் விளக்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. அவருக்கு இரவு என்றால் இவருக்குப் பகல். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைத்தால் அன்றைக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காருகிற வண்டி எங்கே கிடைக்கும் என்று மூன்று மாதமாகத் தேடுகிறார்களாம்.

வண்டி புக் ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த அம்மா இதற்குள் கதவைத் திறந்து சீட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். கலா ஏறி உட்கார்ந்த சீட்டு அது. என்னால் சொல்ல முடியவில்லை. நம்பர் கூட்டினால் எட்டு என்று மட்டும் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தேன். எத்திராஜ் என் தோளைத் தட்டினார்.

"இத்தினி கடை ஏறி எறங்கினோம் தம்பி. எல்லாரும் நல்லதே சொன்னாங்க. நீ ஒர்த்தன்தான் கொறைய சொன்ன. உன்கிட்ட நம்பி வாங்கலாம்."

ஸ்கூட்டருக்குப் பின்னால்

ஆயுத பூஜை அன்றைக்கே வண்டியை எடுத்தார்கள். திருவாலங்காடு கோயிலில் பூஜை போடும் வரைக்கும் ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன் என்று எத்திராஜ் சொல்லிவிட்டார், எங்கள் பக்கத்தில் நிறைய பேர் அப்படித்தான். முதலாளி என்னைப் பார்த்தார். நீயே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வா என்றார். அவர் சட்டத்தை அவரே மீறினது அன்றைக்குத்தான். டேங்க் நிறைய பெட்ரோலும் போடச் சொன்னார்.

நான் ஓட்டினால் மிச்சம் ஒரே சீட்டுதானே. அந்த அம்மாவை ஏறச் சொன்னேன். கணவர் இல்லாமல் முதல் தடவை ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே அவர்கள் இருவரும் ஸ்கூட்டரில் முன்னால், நான் பின்னால். ஐந்து மாதம் ஏங்கின வண்டியை அறுபது கிலோமீட்டரில் முக்கால்வாசியும் ஸ்கூட்டர் வேகத்தில் ஓட்டினேன். பெரியபாளையத்தில் டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, ஸ்கூட்டரிலிருந்து என் வண்டிக்குக் கயிறு கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெங்கலில் ஒரு மாடு எங்களை முந்தியது என்று பாஷாவிடம் பிறகு சொன்னேன், அது மட்டும் கொஞ்சம் மிகை.

கடம்பத்தூரைத் தாண்டினதும் இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவில் நேரான ரோடு. எத்திராஜ் ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, நீ முன்னால போய்க்கினே இரு என்று கையைக் காட்டினார். போனேன். மூன்றாவது கியர், நான்காவது கியர். யார்டில் தினமும் கேட்ட சத்தம் வேறு, இது வேறு. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கம் புடைத்தது. ரோடு எனக்குக் கீழே ஓடியது. எனக்கு இது வேணும், எனக்கு இது வேணும் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், கேட்க ஆளில்லை. ஒரு வேகத்தடை தெரிந்ததும் பிரேக் போட்டேன். நான்கு கிலோமீட்டர் இருக்கும். அங்கே நின்று காத்திருக்க மனசில்லை. திருப்பி அவர்களை நோக்கி இன்னொரு தடவை அதே ரோட்டில் வந்தேன். அவர்களைத் தாண்டித் திரும்பி, மறுபடி ஸ்கூட்டருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

பூஜை முடிந்து நான்கு சக்கரமும் எலுமிச்சம்பழத்தை நசுக்கி நகர்ந்ததும் சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டும் நகரவில்லை. ஸ்டார்ட் செய்ததும் உடனே மிதிக்காதீர்கள், வேகத்தடையில் சாய்வாக ஏற்றுங்கள், கூரையைத் துணி போட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொன்னதையே இரண்டாம் தடவை சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எத்திராஜ் தலையாட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரி அம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் கேட்டார்:

"இவ்ளோ ஆச வெச்சிக்கினு எங்களுக்கு ஏன் தம்பி வித்தீங்க?"

ஊரில் இத்தனை பேரைப் பேசிப் பேசியே வண்டி வாங்க வைத்த எனக்கு, அதே மாதிரி இந்த வண்டி உனக்குத்தான் என்று அடித்துப் பேசி எனக்கு விற்க ஒரு ஆள் கிடைக்காமல் போனதுதான் இந்தத் தொழிலில் நான் பார்த்த ஒரே நஷ்டம்.