கொளஞ்சியம்மாள் கேட்ட இரண்டு கேள்விகள்

கொளஞ்சியம்மாளுக்கு அழுகல் வெங்காயத்தைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டாம். பெரம்பலூரில் ஒரு வெங்காய மண்டியில் பதினெட்டு வருடமாகக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து பொறுக்கும் வேலை. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி, சின்ன வெங்காயத்தை மூன்று விரலால் ஒருமுறை அழுத்துவார். அடுத்த கணம் அது இந்தக் கூடையிலோ அந்தக் கூடையிலோ விழும். சட்டம் ஒன்றுதான்: கெட்டியாக நின்றால் நல்லது, விரல் அமுங்கினால் அழுகல். மண்டியில் இருந்த அத்தனை பெண்களுக்கும் இதுவே சட்டம். அது ஒருநாளும் அவர்களை ஏமாற்றியதில்லை.

1985 மாசியில் ஒரு நாள், குளிக்கும்போது, இடது மார்பில் அக்குள் பக்கமாக ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். மூன்று விரலால் அழுத்திப் பார்த்தார். அமுங்கவில்லை, வலிக்கவும் இல்லை. மறுநாளும் பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

மண்டியில் அவரோடு வேலை பார்க்கும் வீராயியை மூட்டை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"கல்லு மாரி இருக்குடி" என்றார் வீராயி. "கெட்டதுன்னா கொழகொழன்னு போயி சீழு வைக்குமே. இது ஒண்ணும் பண்ணாது. போ, வெங்காயக் குமி காத்துக் கெடக்கு."

இருவரும் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் வெங்காயம் பார்த்தவர்கள். அவர்கள் கொடுத்த தீர்ப்பில் நான்கு மாதம் போய்விட்டது.

ஆனி மாதம் கிணற்றடியில் வீராயிதான் முதலில் கவனித்தார். "ஏண்டி, கையத் தூக்குனா ஒனக்கு மாருல குழி விழுவுது?" கொளஞ்சியம்மாள் குனிந்து பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. விரலால் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார், வரவில்லை. அதுதான் அவரை யோசிக்க வைத்தது. காய்ந்த நல்ல வெங்காயத்தில் மேல்தோல் தனியாக நிற்கும், உரசினாலே உதிர்ந்துவிடும். சதையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். ஒரே பொருளில் ஒரு அடையாளம் நல்லது என்கிறது, இன்னொன்று கெட்டது என்கிறது. இப்படி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. டவுனில் இருந்த டாக்டரம்மாவிடம் போனார். அவரும் மூன்று விரலைத்தான் வைத்தார். அக்குளிலும், கழுத்து எலும்புக்கு மேலும், அவசரப்படாமல் பார்த்தார்.

"வலிக்கலைங்கம்மா. கெட்டியாத்தானே இருக்கு?" என்று கேட்டார் கொளஞ்சியம்மாள்.

"வலிக்கலைங்கறதும் கெட்டியா இருக்கறதுந்தாம்மா எனக்குப் பிடிக்கல" என்றார் டாக்டரம்மா. திருச்சிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திருச்சி பஸ்ஸில் கணவர் பழனிவேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. நாள் முழுவதும் சத்தம் போட்டுப் பேசிப் பழகிய மனிதர். கொளஞ்சியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து டாக்டரம்மா சொன்னதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கெட்டியாக இருந்துகொண்டே கெட்டுப்போகும் பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அவருக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் பழனிவேலை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழக்கம். திரும்பி வந்த பழனிவேல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீர்க்கட்டியாம் புள்ள. மாரோட எடுத்துட்டா சரியாப் போயிடுமாம்."

எடுக்கட்டும் என்றார் கொளஞ்சியம்மாள். கெட்டதை அறுக்கும்போது கொஞ்சம் நல்லதும் சேர்ந்து போகத்தான் செய்யும், அது அவருக்குத் தெரிந்த விஷயம்.

ஆபரேஷன் முடிந்த ஏழாம் நாள் கட்டு மாற்றியபோதுதான் தையலை முழுதாகப் பார்த்தார். அது நெஞ்சோடு நிற்காமல் அக்குள் வரை போயிருந்தது. நீர்க்கட்டிக்கு எதற்கு அக்குளில் கத்தி? இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. எல்லாச் சீட்டையும் பையில் வைக்கும் பழனிவேல், அன்று காலை வந்த பழுப்புக் கவரை மட்டும் சட்டைக்குள் வைத்திருந்தார்.

கட்டு மாற்றும் நர்ஸ் லீலா மேரி, வரதராஜன்பேட்டைக்காரர். தன் பிறந்த ஊர்ப் பக்கத்துப் பேச்சு என்பதால் கொளஞ்சியம்மாளுக்கு அவரிடம் உரிமை வந்திருந்தது.

"ஏங்க சிஸ்டர், அந்தக் கவர்ல என்ன எழுதியிருக்கு?"

லீலா மேரி பஞ்சை மடித்துக்கொண்டே இருந்தார். "உங்க வூட்டுக்காரரு சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாருக்கா."

"கட்டி அவருக்கா வந்துச்சு?"

லீலா மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லக் கூடாதுக்கா. நாளைக்கு டாக்டரு ரூமுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். கேக்க வேண்டியத யோசிச்சு வச்சுக்குங்க. அவரு அவசரமாத்தான் இருப்பாரு."

கொளஞ்சியம்மாள் அன்று சாயங்காலம் முழுதும் யோசித்தார். கேட்க நினைத்தவை பத்துப் பன்னிரண்டு இருந்தன. பொறுக்கிப் பொறுக்கி இரண்டாக்கினார்.

மறுநாள் டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும், "வீட்டுக்காரர் எங்கம்மா? அவரக் கூப்பிடுங்க" என்றார்.

"தையலு எனக்குத்தானே சார் போட்டீங்க. எங்கிட்டயே சொல்லுங்க. பேரு சொல்லச் சங்கடமா இருந்தா நானே சொல்லிடறேன். புத்துநோயி. சரிதானுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஆமாம் என்று தலையசைத்தார்.

"எனக்கு ரெண்டே கேள்விங்க சார். அழுவுன எடத்த அறுத்துப் போட்டா நாங்க அறுத்த ஓரத்தப் பாப்போம். ஓரம் சுத்தமா இருந்தாத்தான் மீதி நிக்கும். நீங்க எடுத்தீங்களே, அதுல ஓரம் எப்புடி இருந்துச்சு?"

டாக்டர் லீலா மேரியைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். "எங்கம்மா படிச்சீங்க இதெல்லாம்?"

"வெங்காய மண்டிலங்க."

ஃபைலைப் பிரித்து இங்கிலீஷில் இருந்த தாளை விரலால் தொட்டுப் படித்தார் டாக்டர். "ஓரம் சுத்தமா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க. நாலு பக்கமும், அடியிலயும் பாத்திருக்காங்க."

"சந்தோசம் சார். ரெண்டாவது, மூட்டை நல்லதா கெட்டதான்னு பாக்க, நாங்க நடுவுல கைய வுட்டுப் பத்துப் பன்னெண்டு அள்ளிப் பாப்போம். அக்குள்ளயும் கத்தி வச்சிருக்கீங்க. அங்க எத்தன எடுத்துப் பாத்தீங்க, எத்தனைல இருந்துச்சு?"

இந்த முறை டாக்டர் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அக்குள்ள நெறிக்கட்டிகள் இருக்கும்மா. பதினொண்ணு பாத்தாங்க. மூணுல பரவியிருக்கு."

பதினொன்றுக்கு மூன்று. கொளஞ்சியம்மாள் மடியில் மூன்று விரலை மடக்கி எண்ணினார்.

"பதினொண்ணுக்கு மூணுன்னா அந்த மூட்டைய நாங்க லாரில ஏத்த மாட்டோம் சார்" என்றார். "அப்ப கண்ணுக்குத் தெரியாம இன்னும் இருக்கலாம். தையலு பிரிச்சதும் வூட்டுக்குப் போவச் சொல்லிட்டீங்கன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரே?"

"நான் சொல்லலம்மா. மெட்ராஸ் போயி அஞ்சு வாரம் கோபால்ட் மிஷின்ல கதிர் வைக்கணும், அப்புறம் இங்க வந்து ஊசி போடணும்னு லெட்டர் எழுதிக் கவர்ல வச்சுக் குடுத்திருக்கேன். உங்க வீட்டுக்காரர்தான் வேண்டாம்னுட்டார்."

"வச்சா போயிடுமா?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. வைக்கலன்னா திரும்பி வர வாய்ப்பு அதிகம். அது நிச்சயம்."

சத்தியம் செய்யாதது கொளஞ்சியம்மாளுக்குப் பிடித்திருந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

பழனிவேல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். "அந்தக் கவரக் குடுங்க."

"எந்தக் கவரு?"

"சட்டைக்குள்ள வேத்து ஊறிக் கெடக்கே, அந்தக் கவரு. எனக்குப் புத்துன்னு தெரியும்."

பழனிவேலின் முகம் கோணியது. "எவன் சொன்னான் ஒனக்கு? எங்க குரும்பலூருல பச்சையம்மா நோவோட பேரக் கேட்டதுமே சோத்தத் தள்ளிட்டா புள்ள. இருவது நாளுதான். நோவுல சாவல, பேரக் கேட்டுச் செத்தா."

"நான் காலைல நாலு இட்டிலி தின்னேன், பாத்தீங்கல்ல? அப்பவே எனக்குப் பாதி தெரியும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, தெரிஞ்சு போச்சு. மெட்ராசு வேணாம். அங்க கரண்டு வைப்பாங்களாம். கறி வேவற மாரி உள்ள வெந்து போவுமாம்."

"யாரு பாத்தா?"

"ஆலையில சொன்னாங்க."

"சொன்னவங்க பாத்தாங்களா?"

பழனிவேல் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒங்க கரும்பு லோடுல எடை கொறையுதுன்னு எவனோ சொன்னா ஒத்துக்கிட்டு வந்துடுவீங்களா? நேராப் போயி எடைமேடைல நிக்க மாட்டீங்க? வாங்க, போயிக் கேப்போம். வேவும்னு அவங்களே சொன்னா நானே திரும்பி வந்துடறேன்."

நெடுநேரம் கழித்துத்தான் கவர் வெளியே வந்தது.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. ஐந்து வாரக் கதிரும், அதற்குப் பிறகு ஊசிகளும் முடிந்தன. ஊசி போட்ட மாதங்களில் முடி கொட்டியது, சோறு வாய்க்குப் பிடிக்கவில்லை. இடது கை மாலையானால் வீங்குகிறது. லீலா மேரி சொல்லிக் கொடுத்தபடி தினமும் சுவரில் விரல்களை ஏற்றி இறக்குகிறார். மண்டியில் வலது கையால் பொறுக்குகிறார். இன்னும் இரண்டு வருடம் போக வேண்டும், அதுவரை எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மெட்ராஸைப் பற்றிக் கேட்டால், அவர் முதல் நாளைத்தான் சொல்கிறார். கதிர் வைக்கும் அறைக்கு முன்னால் ஒருவர் அவருடைய நெஞ்சிலும் தோளிலும் ஊதா மையால் கோடு போட்டார். ஐந்து வாரத்துக்குத் தண்ணீர் பட்டு அது அழியக் கூடாது என்றார். கேட்கலாம் என்று கொளஞ்சியம்மாள் வாயைத் திறப்பதற்குள், திரைக்கு வெளியே நின்று இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பழனிவேலின் குரல் கேட்டது.

"சார், கோடு ஏன் கழுத்து எலும்பு வரைக்கும் போவுது?"

"அக்குள்ள மூணு இருந்திருக்கு. அதுக்கு மேலயும் இருக்கலாம்னு சேத்து வைக்கிறோம்."

"உள்ள வேவுமா?"

"வேவாதுய்யா. தோலு கறுக்கும், காந்தும். எண்ணெய் மட்டும் தடவாம இருக்கணும்."

"கதவச் சாத்திடுவீங்களே, எவ்வளவு நேரம் தனியா இருக்கணும்?"

"ரெண்டு நிமிசம்."

பழனிவேல் திரைக்கு வெளியிலிருந்தே, உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, ஆலையில் பேசுகிற குரலில் சொன்னார்: "ரெண்டே நிமிசந்தானாம் புள்ள. நீ கேக்க வேண்டியது எதுனா பாக்கி இருக்கா?"

"நெறைய இருக்கு" என்றார் கொளஞ்சியம்மாள். "வந்து கேக்கறேன்."

முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தார்.