கடிக்கும், பழகிடும்

டாக்டர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் ஷூவைப் பார்ப்பார். "ஒன்பது, அகலப் பாதம். எவனோ எட்டரையைத் தலையில கட்டியிருக்கான், பாவம்" என்று என் காதில் சொல்வார். டாக்டர் இரத்த அழுத்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். இவர் டாக்டரின் சுண்டுவிரலுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்.

செருப்புக் கடைக்காரர். அறுபதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது, அளவுதான் நிற்கும். பிசியோதெரபி தரும் பெண் 'அஞ்சு'. வங்கி மேலாளர் 'ஏழு, ஆனா பத்து மாதிரி நடப்பான்'. நான் 'எட்டு'. அவர் கடைக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி விற்கிறேன். எனக்கு முகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, அவருக்குக் காலைத் தவிர. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆளைப் பார்த்துவிடுவோம், தொப்பை நீங்கலாக.

போன வருடம் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது இடது பக்கம் அவரைக் கைவிட்டுவிட்டது. பக்கவாதம். கை சீக்கிரமே சமாதானமாகித் திரும்பி வந்துவிட்டது. கால்தான் முறுக்கிக்கொண்டு நின்றது. பாதம் தூக்காமல் தொங்கும், விரல்கள் தரையில் உரசித் தடுக்கும். அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் செய்துகொடுத்தார்கள். கெண்டைக்காலுக்குப் பின்னால் இறங்கி, குதிகாலில் திரும்பி, உள்ளங்காலுக்கு அடியில் ஓடும் தகடு அது. முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள். பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும். அதை மாட்டி, அதன் மேல் ஷூவைப் போட வேண்டும். முதன்முதலில் கையில் வாங்கியதும் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதுல கறுப்பு இல்லையா?"

வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அவரை என் காரில் கூட்டிப்போகிறேன். அவர் மனைவி, எனக்கு அண்ணி, கடையைப் பார்க்க வேண்டுமே. அங்கே நாற்காலியில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்வார்கள். எழுந்தால் மறுபடி உட்காரச் சொல்வார்கள். இவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

"அதான் தகடு மாட்டியாச்சேம்மா, அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"சார், அது பாதத்தைத் தாங்கும், அவ்வளவுதான். எந்திரிக்கிறது உங்க வேலை. காலைப் பின்னாடி இழுங்க. குனிஞ்சு மூக்கை முன்னாடி கொண்டுவாங்க. இடது கால்ல பாரத்தைப் போடுங்க. எல்லாத்தையும் வலது கால் தலையில கட்டாதீங்க."

"அது மூத்த பிள்ளை மாதிரிம்மா. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்."

"அதனாலதான் சார் இளையது கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு" என்றாள் அஞ்சு. அவள் வாய்க்கு ஏழாம் நம்பர் கொடுக்கலாம் என்று திரும்பி வரும்போது சொன்னார்.

இந்த உட்கார்ந்து எழும் வித்தையில்தான் அவர் பிழைப்பே இருக்கிறது. அவர் கடையில் வாடிக்கையாளர் தானே ஷூ மாட்டிக்கொள்வது குற்றம். இவர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அவர்கள் காலை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து மாட்டிவிடுவார். பிடிக்கவில்லை என்றால் எழுந்துபோய் அடுத்த பெட்டி, மறுபடி ஸ்டூல். அண்ணியால் பணம் வாங்கிப் போட முடியும், ஊரார் காலைப் பிடிக்க முடியாது. தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்து தானா எந்திரிச்சா கடை இருக்கும். இல்லேன்னா செல்போன் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், கொடுத்துடலாம். ஒருத்தியா என்னால மாரடிக்க முடியாது."

அதனால் மனிதர் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். தகட்டையும் காலையிலிருந்து இரவு வரை கழற்றவில்லை. அங்கேதான் கெட்டது காரியம்.

ஒரு நாள் அஞ்சு அவர் காலுறையைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். கணுக்கால் எலும்புக்கு மேல் தோல் உரிந்து, சுற்றிலும் சிவந்து, நடுவில் நீர் கோத்திருந்தது. "எத்தனை நாளா சார் இது?"

"புதுசு கடிக்கத்தாம்மா செய்யும். ரெண்டு நாள் போட்டா பழகிடும்."

வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சொன்ன வசனம். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். இப்போது சொந்தக் காலிடமே அதைச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் கால் வலித்தால் கத்தும். இவருடைய இடது காலுக்கு உணர்ச்சி மந்தம், கடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

அஞ்சு அவரைப் பிடி பிடியென்று பிடித்தாள். தினமும் கழற்றித் தோலைப் பார்க்கச் சொன்னேனா இல்லையா, சிவப்பு போகாவிட்டால் உடனே வரச் சொன்னேனா இல்லையா என்று கேட்டாள். பிறகு ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "தகடு மாட்டின கால் இதுக்குள்ள எப்படி சார் போச்சு? இடதுக்கு ஒரு சைஸ் பெருசு போடணும்னு சொன்னேன்ல?"

இவர் முகம் சுண்டிப்போனது. "வலது எட்டு, இடது ஒன்பதா? ஜோடியைப் பிரிக்கச் சொல்றீங்களாம்மா?" வாதம் வந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட நான் இந்தக் குரலைக் கேட்கவில்லை.

புண் ஆறும்வரை தகடு கிடையாது, தகடு இல்லாமல் நடப்பதும் கூடாது என்று உத்தரவாயிற்று. வெறுங்காலோடு நாற்காலியில் உட்கார்ந்து விரலைத் தூக்கப் பார்ப்பது, துண்டைப் பாதத்தில் மாட்டிப் பின்னால் இழுப்பது, இவ்வளவுதான். கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து அதைச் செய்தார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், அவர் யார் காலையும் பார்க்கவில்லை. ஒரு மாலை நான் டீ கொண்டுபோனபோது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. போய்விட்டார் மனிதர் என்றே நினைத்தேன்.

புண் ஆறிய அன்று அண்ணி தட்டிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை எடுத்தாள். எட்டில் வலதையும் ஒன்பதில் இடதையும் உருவி அவர் மடியில் போட்டாள்.

"மிச்சத்தை யார் தலையில கட்டுவே?" என்று அலறினார்.

"வலது பக்கம் வாதம் வந்தவன் எவனாவது வருவான். விலையைக் குறைக்காம வித்துடுங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே அவர் சிரிப்பது கேட்டது, இருமலும் சிரிப்புமாக, நிற்காமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் கடையில் இருக்கும் எந்தக் கண்ணாடியாலும் அது சரியாகியிருக்காது.

நேற்று ஒரு வாலிபன் வேலைக்குப் போட்டுக்கொள்ள ஷூ கேட்டு வந்தான். இவர் பெட்டியை எடுத்தார், ஸ்டூலைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார். அண்ணி மேசைக்குப் பின்னால் சில்லறையை எண்ணுகிற மாதிரி நடித்தாள். நான் வாசலில் நின்றேன். அவன் காலை முழங்காலில் வைத்து மாட்டி, முன்னால் அழுத்திப் பார்த்து, "கொஞ்சம்கூடக் கடிக்கக் கூடாது தம்பி. கடிச்சா இப்பவே சொல்லு, வேற தர்றேன்" என்றார். கடிக்கவில்லை என்றான். ஷூவைக் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினார்.

இனி எழுந்திருக்க வேண்டும். கால்களைப் பின்னால் இழுத்தார், மூக்கை முன்னால் நீட்டினார், பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தார். அண்ணியின் கை அப்படியே நின்றது. வாலிபன் பதறிப்போய்க் கையை நீட்டினான். "பிடிச்சுக்கோங்க சார்."

இவர் அந்தக் கையைப் பார்த்தார். ஷூப் பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். "பணம் அங்க கொடுங்க தம்பி."

அவன் போனான். இவர் மறுபடி மூக்கை நீட்டினார். இடது முழங்கால் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே பாரத்தை வாங்கியது, நிமிர்ந்தது. எழுந்த கையோடு, வலது காலில் நின்றுகொண்டு, ஸ்டூலை இடது காலால் ஓரமாக ஒரு தள்ளு தள்ளினார்.