தாளுக்கு வெளியே விழுந்த வருடம்

என் கணவருக்குக் கணக்கு வரும் என்று ஊர் நம்பியது. அவர் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் லிகிதராக இருந்ததும், சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்ததும்தான் அதற்குக் காரணம். வீட்டில் அரிசி எத்தனை நாளைக்குக் காணும் என்று நான் கேட்டால் முகட்டைப் பார்ப்பார்.

எங்கள் மாதா கோவில் பங்கின் வள்ளக்காரர்கள் சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தார்கள். மாதாமாதம் வள்ளத்துக்கு இவ்வளவு என்று சந்தா. காற்றிலோ கடலிலோ வள்ளம் அழிந்துபோனால், புதிதாக ஒன்று வாங்க நிதி காசு கொடுக்கும். என் தம்பியும் அதில் இருந்தான். காணியில்லை, உத்தியோகமில்லை, மூன்று பெண்பிள்ளைகள். அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு வள்ளந்தான்.

நிதிக்குச் செயலாளர் என் கணவர். மிக மோசமான வருடத்தில் எத்தனை வள்ளம் போகும், அதற்கு எவ்வளவு காசு கையில் இருக்க வேண்டும் என்று பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். கந்தோர் அவரைக் கொழும்பில் ஏதோ வகுப்புக்கு அனுப்பியிருந்தது. சும்மா மனுசனாகப் போனவர், புள்ளிவிபர நிபுணராகத் திரும்பி வந்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்தார். வருடத்துக்கு ஒரு புள்ளி. அந்த வருடம் போன வள்ளங்கள் கூடக் கூட, புள்ளி வலப்பக்கம் தள்ளி விழும். ஒன்று, இரண்டு, சில வருடம் ஒன்றுமேயில்லை என்று புள்ளிகள் இடப்பக்கத்தில் குவிந்து கிடந்தன. அவற்றின் மேலே குன்று போல ஒரு கோடு கீறினார். அது வலப்பக்கம் சரிந்து, மெலிந்து, தாளின் விளிம்புக்கு வருமுன்னே இல்லாமல் போனது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

"புயல் வருசம் எங்க?" என்று கேட்டேன். நாங்கள் கலியாணம் கட்டிய புதிதில் ஒரு புயல் அடித்து, கரையில் நின்ற வள்ளங்களில் பாதி விறகானது. அதை மறக்க அவர் ஒருவரால்தான் முடிந்தது.

"அதைப் போட்டால் தாளுக்கு வெளியால போகுது."

"இன்னொரு தாளை ஒட்டுங்கோவன். நான் பசை காய்ச்சித் தாறன்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு விளங்கப்படுத்தப் போகிறார் என்று அர்த்தம். "அது விதிவிலக்கு. அதைச் சேர்த்தால் சராசரி எல்லாம் கெட்டுப்போகும். பிறகு சந்தாவை எக்கச்சக்கமாய்க் கூட்ட வேணும். ஆர் கட்டுவினம்? உமக்கு உதுகள் விளங்காது. இது உலகத்திலயே பாதுகாப்பான துறைமுகம்."

இந்தத் துறைமுகப் பெருமை எங்கள் ஊரைப் பிடித்த வியாதி. வெள்ளைக்காரன் தன் கப்பல்களையெல்லாம் இதற்குள் கொண்டுவந்து நிறுத்தினான் என்பதை, தாங்கள் பெற்ற பிள்ளை சோதனை பாஸ் பண்ணியது போலச் சொல்லுவார்கள். காற்றுப் பலக்கும் என்று தெரிந்தால் அத்தனை பேரும் வள்ளங்களை உள்ளே ஒரே குடாவுக்குள் கொண்டுபோய், ஒன்றோடொன்று உரசக் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுப்பார்கள்.

"ஒரே இடத்தில கட்டினால், போறதெண்டாலும் எல்லாம் ஒண்டாத்தானே போகும்?" என்றேன்.

"அப்பிடி ஒருநாளும் நடக்காது" என்றார். ஏன் நடக்காது என்று சொல்லவில்லை. கோடு அங்கே போகவில்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். சந்தாவைக் கூட்டத் தேவையில்லை என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். தம்பியும் தட்டினான். பிறகு வந்த சில வருடங்கள் அவர் கீறிய குன்றுக்குள்ளேயே அடங்கி நடந்தன. சோறு போடும்போதெல்லாம் "பாத்தீரோ?" என்பார். வராத புயலைத் தன் கெட்டித்தனம் என்று நினைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பிறகு ஒரு மாரியில் அது வந்தது. குடாவுக்குள் ஒரு வள்ளம் கயிறு அறுத்துக்கொண்டு பக்கத்து வள்ளத்தை இடித்தது, அது அடுத்ததை இடித்தது. காலையில் போய்ப் பார்த்தோம். எது யாருடைய பலகை என்று தெரியாமல் ஒரே குவியல். தம்பி அதற்குள் இறங்கி, மாதாவின் பெயர் எழுதிய தன் முன்பலகையை இழுத்தெடுத்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றான்.

நிதியில் இருந்ததைப் பங்கு போட்டார்கள். தம்பிக்குக் கிடைத்தது ஒரு நல்ல வலைக்கும் காணாது. மூத்தவளுக்குப் பேசி வைத்திருந்த கலியாணம் நின்றுபோனது. அவன் கட்டைபறிச்சான் கிராமத்தில் வேறொருவருடைய வள்ளத்துக்குக் கூலிக்குப் போனான்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு முதல்நாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மேசையில் அதே தாள், அதே குன்று. வெட்கம் என்ற ஒன்று என் கணவரின் பக்கத்தாலும் போனதில்லை.

"போன வருசத்தை விலக்கிப்போட்டுப் பாத்தால், எங்கட நிதி நல்லாத்தான் நடந்திருக்கு" என்று அவனுக்கே காட்டினார்.

தம்பி குனிந்து தாளை வெகுநேரம் பார்த்தான். அவன் அவரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ஓம் அத்தான். அப்ப அந்த வருசத்தை விலக்கிப்போட்டு, என்ர வள்ளத்தைத் தாங்கோ."

என் கணவர் பேனாவை மூடினார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் குசினிக்குள் போய்ப் பசை காய்ச்சினேன்.