என் ரத்தத்தையே எனக்குப் போட்ட ஊசி

மகளுக்கு ஒரு வயது முடிந்து நடை பழகிய நேரத்தில், என்னால் அவளைத் தூக்க முடியாமல் போனது. வலது முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு வலி. தம்ளரைப் பிடித்தாலே சுரீரென்று மணிக்கட்டு வரை இறங்கும். ஒருநாள் அவள் என் கையிலிருந்து நழுவி நெல்மூட்டை மேல் விழுந்தாள். அவள் சிரித்தாள். நான்தான் பொழுது சாயும்வரை அழுதேன். அதற்குப் பிறகு அவளைத் தொடவே பயம். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் என்னிடம் கை நீட்டுவதையே விட்டுவிட்டாள். அழுகை வந்தால் என்னைத் தாண்டிப்போய் என் மாமியாரிடம் கை தூக்குவாள்.

மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வந்துபோகும் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "டென்னிஸ் எல்போ" என்றார். எங்கள் ஊரான சிக்கல் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்த மாமியார், இறங்கும்போது கேட்டார்: "ஏத்தா, காலேஜுல பந்து விளாண்டத எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

மாத்திரை, ஒத்தடம், முழங்கைப் பட்டி எதற்கும் வலி கேட்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி என்றதும், பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று நான் மாற்றி மாற்றிக் கேட்டதில் டாக்டரே களைத்துப்போனார். "சரிம்மா, உங்க ரத்தத்தையே உங்களுக்குப் போட்டுருவோம்" என்றார்.

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம். 2009இல் எங்கள் பக்கம் அது புதுசு. கையிலிருந்து ரத்தம் எடுத்து மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சளாகத் தெளிகிற பிளாஸ்மாவில், காயத்தை ஆற்றத் துணைசெய்யும் தட்டணுக்கள் இருக்கும். அவை செறிந்த பகுதியைப் பிரித்து வலிக்கிற இடத்தில் செலுத்தினால் நைந்த தசைநார் தேறக்கூடும். தேறாமலும் போகலாம் என்று அவரே சொன்னார். "வரும்போது லேசா ஏதாவது சாப்பிட்டு வாங்க."

அந்த 'லேசா' எங்கள் வீட்டுக்குள் வந்ததும் வேறாகிவிட்டது. எங்கள் பக்கம் யார் உடம்பிலிருந்து ரத்தம் போனாலும், பிள்ளை பெற்றாலும் மாடு முட்டினாலும், ஆட்டு ஈரலும், சுவரொட்டி என்கிற மண்ணீரலும்தான் வைத்தியம். போன பிறகு கொடுப்பதைவிடப் போவதற்கு முன்பே கொடுப்பது நல்லது என்று மாமியாருக்குத் தோன்றிவிட்டது. ஊசிக்குப் போகிற அன்று காலையில், நல்லெண்ணெய் மிதக்க மிதக்க ஒரு கிண்ணம் என் முன்னால் வந்தது.

"அத்தை, லேசாச் சாப்பிடச் சொன்னாரு."

"ஈரல் லேசுதானத்தா. அதுல எலும்பா கெடக்கு?"

தின்றேன். மறுத்தால் அவர் மனசு நோகும், தின்றால் டாக்டர் வைவாரோ என்று இரண்டையும் நினைத்துக்கொண்டே கிண்ணத்தை வழித்துத் தின்றேன்.

கிளினிக்கை ஒட்டியிருந்த லேபில் ரத்தம் எடுத்துச் சுற்றினார்கள். லேப்காரத் தம்பி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மேலே நின்றது மஞ்சள் இல்லை, மோர்! வெள்ளைவெளேரென்று கலங்கலாக ஏதோ. எனக்கு என்ன வியாதியோ, பிள்ளைக்கும் இருக்குமோ?

மாமியார் அசரவில்லை. "இதுல என்ன இருக்கு? பால் குடுக்குறவ ரத்தம்ல, அப்படித்தான் இருக்கும்."

அந்தத் தம்பி குழாயோடு உள்ளே ஓடினார். டாக்டர் வந்து, "காலைல என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமியார் பெருமையாகச் சொல்லிமுடித்தார், எண்ணெய் உட்பட. டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க வதக்குன எண்ணெய்தான் பாட்டி குழாய்ல நிக்கிது. கொழுப்பு. இது வேணாம், அடுத்த வாரம் வெறும் இட்லியோட வாங்க." வியாதி இல்லை என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் முறைத்தும் நிற்கவில்லை. "என்னைய வச்சுச் சிரிக்கிறா பாரு" என்று சொல்லிக்கொண்டே மாமியாரும் சிரித்தார்.

அடுத்த வாரம் இட்லி. குழாயில் வெந்தயத் தண்ணீர் நிறத்தில் என் பிளாஸ்மா தெளிந்து நின்றது. ஊசி இறங்கியபோது உயிர் போய் வந்தது. சில நாள் வலி கூடும், பழைய வலி மாத்திரையைத் தொடாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் தப்புப் பண்ணிவிட்டோமோ, ஸ்டீராய்டே போட்டிருக்கலாமோ என்று தினமும் ஒரு நினைப்பு. பிறகு வலி எப்போது இறங்கத் தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. சரியாகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கவும் பயம்.

மிளகாய் பழுத்துக் களத்தில் காய்ந்த நேரம். மகள் சிவப்பைக் கண்டு அதை நோக்கி ஓடினாள். ஒரு பழத்தை எடுத்துவிட்டாள், அடுத்து கண்ணைத்தான் கசக்குவாள். நான் பாய்ந்து அள்ளித் தூக்கி, கையைத் தட்டிவிட்டேன்.

"ஏத்தா, கையி!" என்று மாமியார் கத்தினார்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் என் வலது கையில் இருந்தாள். வலி இல்லை. ஒருதரம் குலுக்கிப் பார்த்தேன், இல்லை. தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை.

"ஊசி வேலை செஞ்சிருச்சு அத்தை!"

"ஆமா, ஊசி. நான் வதக்கிக் குடுத்ததெல்லாம் எங்க போச்சாம்?"

மகள் இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தாள். மிளகாய்தான் வேணுமாம். முடியவே முடியாது என்று சொல்லி, அவள் அலற அலறக் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.