நான், நா, காது

எங்கள் மகளுக்கு இரண்டு வயது கடந்தும் பேச்சு வரவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி, ஊர்விட்டு வந்து, ஆங்கிலம் பேசும் நாட்டில், சான்ட்ரிங்ஹாம் என்ற புறநகரில் வாடகை வீடு. பிள்ளையின் எடையை நிறுத்துப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதி, "இரண்டு மொழி குழப்பும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியே செய்தேன். ஆனால் நான் வேலைக்குப் போகும் காலைகளில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுப் பெண். லாவோசின் வடக்கு மலைகளிலிருந்து அகதியாக வந்த புனொய் இனத்தவள். அவள் தன் மொழியில்தான் பிள்ளையைக் கொஞ்சுவாள். இது மூன்றாவது மொழி. குழப்பம் கூடுமோ என்று பயந்தேன். வேறு ஆளும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை பிள்ளை என் மடியில் ஏறி, "நா" என்றாள்.

"இஞ்சருங்கோ, 'நான்' எண்டு சொல்லுறாள்!"

இவர் சிரித்தார். "அது தமிழில்லையப்பா. மூலைக்கடை டெய்ரிக்காரன் ஆங்கிலத்தில சொல்லுற 'நா'. வேண்டாமாம்."

பாலை நீட்டினேன். தட்டிவிட்டாள். இவர் சொன்னதுதான் சரியோ? மத்தியானம் சோறும் இறங்கவில்லை. உடம்பு சுட்டது. "நா, நா" என்பது அழுகையாகிவிட்டது. வயிற்றை அமுக்கினேன், வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவள் குனிந்து பிள்ளை சொல்வதைக் கேட்டாள்.

"இது எங்கள் சொல்," என்றாள் அரைகுறை ஆங்கிலத்தில். "வலிக்குது என்கிறாள்."

"எங்கே?"

அவள் கணவனும் புனொய்தான், ஆனால் அடுத்த மலை. அங்கே மலைக்கு மலை பேச்சு மாறும்; குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். அவன் தலையாட்டி மறுத்தான். "குரல் கீழே இறங்குதே. அது காது."

"உன் ஊரில் காது. என் ஊரில் வலி."

"என் ஊரில்தான் சுத்தமான பேச்சு."

"உன் ஊர்ப் பேச்சு உன் ஊர்ப் பன்றிக்கே விளங்காது!"

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பிள்ளையின் வலது காதைத் தொட்டேன். பேசாமல் இருந்தாள். இடது காதில் விரல் பட்டதும் வீறிட்டாள்.

அன்று கிளினிக்கைத் திறந்து வைத்திருந்த டாக்டர் காதுக்குள்ளே பார்த்துவிட்டு, சீழ் கட்டியிருக்கிறது, இன்னும் பிந்தியிருந்தால் செவிப்பறை கிழிந்திருக்கும் என்றார். மருந்தோடு திரும்பியபோதும் பக்கத்து வீட்டில் வழக்கு முடியவில்லை. எந்த ஊர்ச் சொல்லைப் பிள்ளை சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில மாதம் கழித்துப் பிள்ளை தன் நெஞ்சைத் தொட்டு, தெளிவாக, "நான்" என்றாள். இவர் துள்ளிக் குதித்தார். நான் முதலில் அவள் காதைத் தொட்டுப் பார்த்தேன்.