மூடி ஒட்டாத சுதிப்பெட்டி

வச்சிரம் காயும் நாற்றத்தை முதல் முறை முகர்கிறவனுக்கு வயிறு புரளும். இரண்டாம் முறை, அதுவும் வெறும் வயிற்றோடு போனால், பசி கிளம்பும். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் அந்த மரப்பசை, கண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பட்டறையில், கரி அடுப்பின் மேல் தகர டப்பாவில் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஆர்மோனியங்களைப் பழுதுபார்ப்பார்கள். கேட்டால் புதிதாகவும் செய்து கொடுப்பார்கள். பிற்காலத்தில் நான் துறைமுகத்திலும் லொறிகளிலும் கடைப் பின்கட்டுகளிலுமாக எத்தனையோ நாற்றங்களில் தூங்கி எழுந்தவன். பயம் என்றால் மட்டும் இன்றும் அந்த வச்சிரம்தான் மூக்கில் ஏறுகிறது. முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பதோ பத்தோ வயதாக இருந்தபோது, கிறிஸ்து பிறந்த நத்தார் கழிந்ததிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு அந்தச் சந்துக்குப் போய் வந்தேன். அந்த வாரங்கள் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட்டதாக நினைவில்லை.

அப்பாவின் பெயர் இன்னாசி. கெலிஓயாவுக்கு மேலே ஏறுகிற மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ‘ஸ்டோர்’ என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில், கொழுந்தை முறுக்கிப் பிழியும் பெரிய உருளைகளுக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. அந்த ‘ரோதை’யின் சத்தம் அவருடைய காதை வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, பிறகு மழைச் சத்தம், கடைசியில் எங்கள் குரலும் போயிற்று. வாய் அசைவதைப் பார்த்து அவர் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார்; நாங்களும் அவருக்காக வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் பேசப் பழகினோம். எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் காம்பிரா என்னும் ஒற்றை அறைகளாக நீண்ட வரிசை; சத்தம் போட்டுப் பேசினால் பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்கும், எதற்காகச் சத்தம் போடுகிறோம் என்று யோசிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் ரோதையைச் சுழற்றும் வார்ப்பட்டி அறுந்தபோது, எல்லோரும் கத்தியும் விலகாமல் நின்ற ஒரு காது மந்தமானவரின் தோள் போயிற்று. அதிலிருந்து அப்படிப்பட்டவர்களுக்குக் கணக்குத் தீர்த்துப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் காம்பிராவும் போகும். ஆகவே விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று ஒரு பயம், தெரியாமலே இருந்து ஒருநாள் வார்ப்பட்டி அவரையும் இழுத்துவிடுமோ என்று இன்னொரு பயம். அம்மா இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போவாள்.

விஷயம் வெளியே வரக்கூடிய இடம் ஸ்டோர் மட்டுமல்ல. தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துச் சிறு கோயிலில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அப்பாதான். முந்திய வருடம் அவர் ஒரு சுருதியில் தொடங்கி வேறொரு சுருதியில் போய் நின்றார். சனம் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பாடி முடித்தார்கள். “இன்னாசி குரலுக்குக் கவ்வாத்து வெட்டணும்டா” என்று, தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற மாதிரி யாரோ சொல்ல, கோயில் வாசலில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். இன்னொரு வருடம் இப்படியே போனால் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு நின்று சந்தேகம் வரும்.

சுதிப்பெட்டி அப்பாவின் யோசனை. தப்புப் பறை அடித்துக்கொண்டு யாராவது லயத்தைக் கடந்து போகும்போது கதவுப் பலகையில் கையை வைத்தால் அவருக்குத் தெரிந்தது. பாட்டுக்குத் துணையாக ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால், அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு பாடிவிடலாம் என்று அவர் நினைத்தார். இருந்ததில் விற்கக்கூடியதை விற்றோம். அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

பட்டறைக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய செல்லையா என்பவர். அந்தப் பக்கத்தில் தச்சர்களை ‘ஓடாவி’ என்பார்களாம். கண்டியில் அவரை எல்லோரும் ஓடாவியார் என்றே கூப்பிட்டார்கள். காதில் பென்சிலும் மடியில் மரத்தூளுமாக எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆருக்குப் பெட்டி?”

“வீட்டுக்காரருக்குங்க, ஐயா.”

“அவர் ஏன் வரேல்லை?”

“ஸ்டோர்ல வேலைங்க. லீவு குடுக்க மாட்டாங்க.”

“ஞாயிற்றுக்கிழமையிலயுமோ?”

அம்மா இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. “ஞாயித்துக்கிழமைன்னா அவருக்குக் காய்ச்சல் வந்துருதுங்க” என்றாள்.

“நல்ல காய்ச்சல். கிழமை பாத்து வருகுது” என்றார் ஓடாவியார், சிரிக்காமல்.

எந்தக் கட்டைச் சுருதி என்று கேட்டதற்கு அம்மாவுக்குப் பதில் தெரியாது. அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். காலையில் அப்பா பாட்டைத் தொடங்கும் சுருதியை நான் பிடித்துக்கொண்டு, மலையிறங்கி, கெலிஓயாவில் ரயிலேறி, வழியெல்லாம் யாரோடும் பேசாமல் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு வந்திருந்தேன். எஞ்சின் ஊதியபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டேன். ஓடாவியார் பித்தளை நாக்கு ஒன்றை எடுத்துக் காற்றுக் கொடுத்து, என்னை முனகச் சொல்லி, நுனியை அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி முனகல், மறுபடி ஒரு இழுப்பு என்று என்னுடைய குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே, ஆண் குரல் நிற்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

“என்ரை பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு, பிள்ளை. பெட்டிக்கு உரியவர் வந்து ஒருக்காக் கேட்டு, சரியெண்டாத்தான் மூடியை ஒட்டுவன். ஒட்டினாப் பிறகு உடைச்சுத்தான் திறக்க வேணும். அதுக்குள்ள காய்ச்சலைச் சுகமாக்கிக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா என்னைக் கேட்டது ஒன்றுதான். “அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குமாடா?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நாங்கள் கொண்டுபோன செய்தி அவருக்கு விசித்திரமாகவே இருந்தது. அடிப்பலகை மெல்லியதாக இருக்க வேண்டும் என்றார் அப்பா. பெட்டிக்குக் கால் வைக்கக் கூடாது, தட்டையாக மடியில் உட்கார வேண்டும் என்றார். சத்தம் வரும் துளைகளைச் சனத்தின் பக்கம் வைக்காமல் பாடுகிறவரின் வயிற்றுப் பக்கம் வைக்கச் சொன்னார். இதையெல்லாம் அம்மா மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பிப்பாள். ஏன் என்று கேட்டால் “அப்படித்தான் சொல்றாருங்க” என்பதைத் தவிர அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. ஒருநாள் ஓடாவியார் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் இவ்வளவு காலம் எத்தினை பெட்டி செய்தனான். கொண்டு போறவை எல்லாரும் சத்தம் சபைக்குக் கேக்க வேணும் எண்டுதான் கேப்பினம். இவர் மட்டும் அடியால கேக்க வேணுமாம். ஏன் பிள்ளை, இவருக்குத் தொடையிலயோ காது?”

அடுப்புப் பக்கம் நின்ற வேலையாள் சிரித்தான். அம்மாவின் கை என் தோளை இறுக்கியதில் எனக்கு வலித்தது. அவளும் சிரித்தாள் என்று சொல்ல வேண்டும், உதடு விரிந்தது. ஓடாவியார் அதைப் பார்த்துவிட்டு வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

“உண்மையைச் சொல்லும். உம்மடை மனிசன் எண்டு ஒராள் இருக்கிறாரோ? இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விளையாட்டுக் காட்டுறியளோ?”

“இருக்காருங்க” என்றாள் அம்மா. “நல்லா இருக்காருங்க.”

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. போனால் வாய் தவறிவிடும் என்று அம்மா பயந்தாள். அதுதான் பிழையாகப் போயிற்று. வேலையின் நடுவில் வாடிக்கையாளர் பேச்சை நிறுத்திவிட்டால் ஓடாவியார் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. மூடி ஒட்டாமல் ஒரு பெட்டி பட்டறையில் கிடப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற காரியம். கெலிஓயாவில் ஒரு கடைக்காரர் வீட்டு ஆர்மோனியத்தைப் பார்க்க வந்தவர், உரியவர் வராவிட்டால் பெட்டி அவரிடம் போகட்டும் என்று, அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, அம்மா சொல்லியிருந்த பெயரையும் தோட்டத்தையும் விசாரித்து மலையேறி, வேலை நாளில், நேரே ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடி வந்து அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. என் படிப்பு பாதியில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று நான் உருளை அறையின் வாசலை அடைந்தபோது ரோதை நின்றிருந்தது. வார்ப்பட்டியைச் சரிபார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். மற்ற நாளில் அந்த அறையில் யாருக்கும் யாரும் கூப்பிடுவது கேட்காது. அப்பாவைக் காப்பாற்றி வந்தது அந்தச் சத்தமேதான். அன்று ஒரு கொழுந்து விழுந்தாலும் கேட்கும். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா நடுவில் நின்றிருந்தார். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு உருளையில் ஒட்டிய இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓடாவியார் எனக்கு முன்னே வாசலுக்குள் நுழைந்து, ஆளைக் கேட்டறிந்து, முதுகுக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று கூப்பிட்டார்.

“இன்னாசி.”

அப்பா சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாசியார், உம்மைத்தான்.”

வேலையாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீமேக்கர் ஐயாவும் பார்த்தார். ஓடிப் போய் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இழுத்தால் எல்லாம் முடிந்தது என்பதும் தெரிந்தது. சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ஓடாவியார் அப்பாவின் பிடரியைப் பார்த்தார், திரும்பி என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையில் இருந்த பெட்டியின் அடிப்பலகையைப் பார்த்தார். அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. டீமேக்கர் ஐயாவின் பக்கம் திரும்பி, சலித்துக்கொண்ட குரலில் பேசத் தொடங்கினார்.

“பாத்தியளோ ஐயா, திரும்பியும் பாரான். பெட்டி பிந்திப் போச்செண்டு என்னோட கோவம். ஒரு கிழமைக்கு மேல ஆளையும் அனுப்பேல்லை, சொல்லியும் அனுப்பேல்லை. செய்யிறவன் தெய்வமோ, மனிசன்தானே. நீங்களாவது சொல்லுங்கோ.”

டீமேக்கர் ஐயா சிரித்துவிட்டார். “பாட்டுக்காரனுங்களுக்கு ரோசம் ஜாஸ்திதான்” என்றார். வேலையாட்களும் சிரித்தார்கள். அதற்குள் ஓடாவியார் சுற்றிக்கொண்டு அப்பாவின் முகத்துக்கு எதிரே போய் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் அப்பா திடுக்கிட்டது கோபம் போலவே இருந்தது. ஓடாவியார் விரலை ஆட்டிக்கொண்டு, எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவதைப் போலவே, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து பேசினார்.

“பெட்டி. பிந்தினது. என்ரை பிழை. கோவிக்காதையும். கையை வையும்.”

அப்பா அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பெட்டியை அப்பாவின் நெஞ்சோடு சேர்த்து வைத்துத் துருத்தியை அமுக்கினார் ஓடாவியார். எங்களுக்குக் கேட்டது மெல்லிய ஒரு ரீங்காரம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலே, தபசு காலப் பாட்டின் தொடக்கத்தை அந்தச் சுருதிக்கு மேல் வைத்தார். ஒரு மயிரிழை விலகவில்லை.

“ராசியாயிட்டாங்கப்பா” என்றார் டீமேக்கர் ஐயா. “போதும், வார்ப்பட்டியப் பாருங்க.”

பெட்டியைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிய ஓடாவியாரோடு ரோட்டு வரை நான் நடந்து போனேன். பிரியும் இடத்தில் அவர் நின்று, “உன்ரை அம்மாட்டைச் சொல்லு, அடிப்பலகையை இன்னும் மெலிசாக்கலாம் எண்டு” என்றார்.

நான் சொன்னதும் அம்மா அப்படியே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். “வேற என்ன சொன்னாரு?” வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “முகம் எப்படி இருந்துச்சு? கெலிஓயாவுக்குப் போனாரா, கண்டிக்கா? கடையில உக்காந்து பேசுற ஆளா?” விடிந்தும் அதையே கேட்டாள். வீட்டுக்கு வெளியே ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பெட்டி வாங்கப் போன அன்று அவள் பட்டறை வாசலிலேயே தயங்கி நின்றாள். மூடி ஒட்டியிருந்தது.

“அவரு வந்து கேக்கணும்னு சொன்னீங்களே ஐயா.”

“உரியவர் கேட்டிட்டார். மூடியிட்டன்” என்றார் ஓடாவியார்.

அந்தத் தபசு காலத்தில் இன்னாசிக்குக் குரல் திரும்பிவிட்டது என்று தோட்டமே சொன்னது. பெரிய வெள்ளியன்று கோயிலில் வாத்தியம் கூடாது என்பதால் அப்பா தொண்டை கட்டிவிட்டதாகச் சொல்லிப் பின்வரிசையில் நின்றுகொண்டார். இப்படிச் சில வருடங்கள் ஓடின. நான் வீட்டை விட்டு ஓடிப்போன பிறகு வேறொரு டீமேக்கர் வந்தாராம்; ரோதை நின்றிருந்த ஒரு நேரத்தில் பின்னால் நின்று கூப்பிட்டாராம். அப்பாவை வெளியேற்றவில்லை, கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். நாங்கள் அத்தனை காலம் நடுங்கிய நாள் வந்தபோது அப்படித்தான் வந்து போயிற்று. அம்மா மட்டும் அதை நம்பவில்லை. பற்றுச்சீட்டு பின்னால் வருகிறது என்றே காத்திருந்தாள்.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சுவர் நிற்கிறது. சந்தில் பட்டறை இருந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். துருத்தியைக் கரப்பான் தின்ற பிறகு பெட்டியில் அம்மா காய்ந்த செத்தல் மிளகாய் போட்டு வைத்திருந்தாள். அதுவும் எங்கேயோ போயிற்று. அப்பா போய்ப் பல காலம் ஆகிறது. சத்தமில்லாமல் பேசும் பேச்சு மட்டும் அம்மா இருந்தவரை எங்கள் இருவருக்குள் இருந்தது.

அவளுடைய கடைசி நாட்களில் கண்டி ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தேன். குரல் அடங்கிப் போயிருந்தது. கட்டிலுக்கு வந்த இளம் டொக்டர், நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு பதில் சொல்வதைக் கவனித்துவிட்டு, “உங்க குடும்பத்துல யாருக்காவது காது மந்தமா?” என்று கேட்டார். அம்மா கண்ணைத் திறந்தாள். உதடு அகலமாக, நிதானமாக அசைந்தது.

“இல்லன்னு சொல்லு.”

“இல்லை, டொக்டர்” என்றேன்.