சகாயத்தின் வால் நோட்டு

பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பீளமேட்டுக்குக் கிழக்கே இருந்த ஒரு கரண்டு ஆபீசில் சகாயம் என்று ஒருவர் வேலை பார்த்தார். சுவிட்சுப் பலகைக்கும் டெலிபோனுக்கும் நடுவே ஒரு முக்காலி. அதுதான் அவர் இடம். ஊருக்குள் இருந்த பெரிய ஆபீசிலிருந்து எஞ்சினியர் பெல்ஹாம் துரை இங்கிலீஷில் உத்தரவு சொல்வார். சகாயம் பிடியை ஏற்றினால் கம்பியில் கரண்டு பாயும், இறக்கினால் நிற்கும். இதற்கு மாசம் இருபது ரூபாய் சம்பளமா என்று பொறாமைப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் யாரும் பெல்ஹாம் துரையின் இங்கிலீஷைக் கேட்டதில்லை.

சகாயம் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் வரை படித்தவர். 'லுக்' என்றால் பார், 'புட்' என்றால் வை, 'கேரி' என்றால் தூக்கு. எல்லாம் மனப்பாடம். ஆனால் துரை எந்தச் சொல்லையும் தனியாக அனுப்புவதில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஆன், ஆஃப், அவுட், அப் என்று ஒரு வாலைக் கட்டித்தான் விடுவார். வால் மாறினால் சொல்லே வேறாகிவிடும். அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராத சங்கதி.

ஒருநாள் துரை தன் நாயைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, 'லுக் ஆஃப்டர்' என்று சொல்லிப் போய்விட்டார். ஆஃப்டர் என்றால் பின்னால் என்று சகாயத்துக்குத் தெரியும். ஆகவே சாயங்காலம் வரை நாயின் பின்னாலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் பத்திரமாக இருந்தது, துரைக்கும் சந்தோஷம். அதற்குக் கவனித்துக்கொள் என்று அர்த்தம், தான் செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியவே ஆறு மாசம் ஆயிற்று.

அடுத்த தப்பு அப்படித் தப்பவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் 'புட் ஆஃப்' என்று துரை டெலிபோனில் சொன்னார். ஆஃப் என்றால் நின்றது, சுவிட்சுக்கும் அதுதானே! கூட்டமே கிடையாது என்று சகாயம் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கூட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. திங்களன்று காலியாகக் கிடந்த நாற்காலிகளுக்கு முன்னால் நின்று துரை கத்திய கத்தலில் புறா எல்லாம் கூரையை விட்டுப் பறந்தது. "தெரியாவிட்டால் ஏன் கேட்கவில்லை?" என்பதுதான் அந்தக் கத்தலின் சாரம்.

கேட்கச் சொன்னால் போதாதா? அன்றே சகாயம் அரையணாவுக்கு ஒரு நோட்டு வாங்கினார். அகராதியைப் பார்த்து அர்த்தம் எழுதுகிற நோட்டு இல்லை அது. துரை ஒரு வால் சொல்லைச் சொன்னதும் அடுத்தாற்போல் என்ன நடக்கிறது என்று பார்த்து, அதைத் தமிழில் எழுதிவைப்பார்.

'லுக் ஃபார்: துரை மேஜைக்கு அடியில் குனிந்தார். மூக்குக்கண்ணாடி அங்கே கிடந்தது.'

'புட் அவுட்: சுருட்டைச் சுவரில் தேய்த்தார். நெருப்பு அணைந்தது.'

'கேரி ஆன்: நான் வணக்கம் வைக்க எழுந்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். செய்துகொண்டிருந்ததை நிறுத்தாமல் செய்தேன்.'

'கேரி அவுட்: சொன்னதைச் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எதையும் வெளியே தூக்கிப் போகவில்லை.'

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் நோட்டை விரித்து மனைவி ஞானாபரணத்துக்குப் படித்துக் காட்டுவார். அந்த அம்மாளுக்குத் துரை சுருட்டைத் தேய்ப்பதில் ஒன்றும் அக்கறை கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு: விளக்கை 'அணை' என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

"ஏனுங்க, வெளக்கு முன்னால உக்காந்துக்கிட்டு எதுக்குங்க அந்த 'புட் அவுட்'டு? குளுர வெக்கோணும்னு சொல்லுங்க."

"அது துரை பாசைங்க அம்மணி."

"துரை ஊட்டுல என்ன வேணாலும் சொல்லட்டுமுங்க. நம்மூட்டுல வேண்டாமுங்க."

சகாயத்துக்கு இது பெரிய யோசனையாகப் போயிற்று. மனுஷர்கள் எதைச் சொல்லமாட்டார்கள் என்பதையும் கவனித்தால்தான் சொல்வது விளங்கும் போலிருக்கிறதே! அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினார்.

கேட்க ஆரம்பித்த மனுஷர் நிறுத்தத்தான் காணோம். துரை 'கால் ஆன்' என்றால், "சார், கால் ஃபார் வேறயா சார்?" என்பார். 'கிவ் அப்' என்றால், "கிவ் இன் எப்போ வரும் சார்?" என்பார். ஆறே மாசத்தில் துரைக்குப் பொறுமை போயிற்று. உத்தரவு வந்த பிறகு இனி ஒரு கேள்வி கேட்டால் முக்காலியில் வேறு ஆள் உட்காருவான் என்று எழுத்தாலேயே எச்சரித்துவிட்டார். அந்தக் கடுதாசியை ஞானாபரணம் வேதபுத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினாள். வீட்டில் நாலு குழந்தைகள். வேறு வரும்படி கிடையாது.

அந்த ஐப்பசியில் அடித்த மழையில் பல்லடம் பாதையில் மின்சாரக் கம்பி அறுந்து விழுந்தது. பீளமேட்டு மில்கள் பொழுது விடிந்ததிலிருந்து நின்று கிடந்தன. முதலாளிகள் துரையின் டெலிபோனைத் துளைத்தெடுத்தார்கள். பாதையில் மூன்று லைன்மேன்கள் கம்பம் ஏறி வேலை செய்ய, அவர்களுடைய மேஸ்திரி வேங்கடசாமி கீழே நின்றார். கம்பத்தடியிலேயே டெலிபோன் கம்பியில் கொக்கி மாட்டிப் பேசுகிற டெலிபோன் அவரிடம் ஒன்று இருந்தது. துரை, சகாயம், வேங்கடசாமி மூவருக்கும் ஒரே கம்பி. ஒருவர் பேசுவது மற்ற இருவருக்கும் கேட்கும்.

மத்தியானம் மூன்று மணிக்குத் துரையின் குரல் வந்தது. ஆட்கள் எல்லோரும் கம்பத்தை விட்டு இறங்கிவிட்டார்களா என்று இங்கிலீஷில் வேகமாகக் கேட்டார்.

"யெஸ் சார்," என்றார் வேங்கடசாமி.

"சகாயம், சுவிட்ச் ஆன்."

சகாயத்தின் கை பிடிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. "சார், ஒரு கேள்வி..."

"கேள்வி வேண்டாம். கேரி அவுட்!" துரை ரிசீவரை வைத்துவிட்டார்.

கேரி அவுட் என்றால் என்னவென்று சகாயத்துக்குத் தெரியும். சுவிட்ச் ஆன் அதைவிட நன்றாகத் தெரியும். துரையின் இங்கிலீஷில் இப்போது ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் வேங்கடசாமியின் மேல்தான். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் சரிங்க என்பதுதான் நம் பக்கத்து மரியாதை. விளங்கினாலும் சரிங்க, விளங்காவிட்டாலும் சரிங்க. அந்த 'யெஸ் சார்' எதில் சேர்த்தி?

பிடியை ஏற்றாவிட்டால் வேலை போகும். நாலு குழந்தைகளின் முகமும் வரிசையாக வந்து நின்றது.  இப்போதும் 'எறங்கியாச்சுங்களா?' என்று கேட்டால் வேங்கடசாமி ஆமாங்க என்றுதான் சொல்வார். ஆமாங்க என்று சொல்ல முடியாத ஒன்றையல்லவா கேட்க வேண்டும்!

"ஏனுங்க வேங்கடசாமி, எறங்குனவங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லுங்க பார்க்கலாம்."

"மாசாணம் எறங்கிட்டானுங்க. செங்கோட்டையன் இங்கதான் வெத்தலை போட்டுக்கிட்டு நிக்கறானுங்க."

"காளிச்சாமி?"

"அவன் மேல கம்பியை முறுக்கிக்கிட்டு இருக்கறானுங்க. இன்னும் அரை நாழி ஆவுமுங்க."

சகாயம் சுடுசட்டியைத் தொட்டவர்போல் கையை உதறினார். "பொறகெதுக்குங்க யெஸ் சார்னு சொன்னீங்க?"

"துரை என்னமோ வெரசாக் கேட்டாருங்க. பெரியவங்க கேக்கறப்ப இல்லீங்கன்னு எப்புடிங்க சொல்றது?" அந்தக் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் சகாயத்தை நடுங்க வைத்தது.

மில்களுக்கு இன்னும் கரண்டு வராததால் பத்து நிமிஷத்தில் துரையின் கார் வாசலில் வந்து நின்றது. பிடி இறங்கியே இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் செக்கச் சிவந்தது.  சகாயம் ரிசீவரை நீட்டி, "காளிச்சாமி எங்கே என்று கேளுங்கள் சார்," என்றார் இங்கிலீஷில். துரை தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"கம்பத்துமேல இருக்கறானுங்க சார்," என்றது டெலிபோன், அதே மரியாதையோடு.

துரை அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு, அந்த ஆள் தன்னிடம் சொன்ன 'யெஸ் சார்' என்பதற்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டார். தெரிந்துகொள்வதற்காகத் துரை சகாயத்திடம் கேட்ட முதல் கேள்வி அது.

சகாயம் நோட்டை எடுத்துக்கொடுத்தார். "அர்த்தம் எழுதுவதில்லை சார். அப்புறம் என்ன நடந்தது என்று எழுதினால் போதும்."

துரை பென்சிலால் 'யெஸ் சார்' என்று எழுதினார். பக்கத்தில் எதையோ எழுதப் போனார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அந்த இடம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது.

வேதபுத்தகத்துக்குள் இருந்த கடுதாசியை ஞானாபரணம் அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு துரை அந்த டெலிபோன் கம்பியில், எல்லோரும் இறங்கியாச்சா என்று கேட்டதே இல்லை. பேரைச் சொல் என்பார். வேங்கடசாமி ஒவ்வொரு பேராகச் சொல்வார். காளிச்சாமி தானே டெலிபோனுக்கு வந்து, "நானுங்க, தரையில நிக்கறனுங்க," என்று சொல்லும்வரை சகாயத்தின் கை மடியிலேயே கிடக்கும்.